ஊரை ஊரே வரையட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஊருக்குப் படம் இருக்கிறதா என்று கேட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். நில அளவைக் காட்டும் புலப்படமும், நில விவரம் எழுதிய அ-பதிவேடும் இருக்கின்றன. இப்போது இரண்டையும் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, புறம்போக்கு எல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் ஐப்பசி அடைமழையில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், கருக்கலில் எந்த வழியாகப் போகப் பெண்பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் கிடைக்காது. அது ஊர்க்காரர்களின் நினைவில் இருக்கிறது. எல்லாரும் கூடி அதை ஒரு படமாக வரைந்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

இது புது முறையல்ல. பங்கேற்புக் கிராம மதிப்பீடு என்ற பெயரில் 1980-களின் இறுதியிலிருந்து இந்தியக் கிராமங்களில் நடந்து வருவதுதான். இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர். வரைகிற கோலை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு, வெளியிலிருந்து வந்தவர் ஒதுங்கி உட்கார வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய விஷயம்.

முதலில் தாள்கூட வேண்டாம். நெற்களமோ பள்ளிக்கூட முற்றமோ போதும். கோலப்பொடி, செங்கல்பொடி, சாம்பல், புளியமுத்து, வேப்பிலை இருந்தால் சரி. தாளில் வரைந்தால் பேனா பிடித்தவர் சொன்னதுதான் படம். மண்ணில் வரைந்தால் நாலு பக்கமிருந்தும் குனிந்து, அழித்து, திருத்துவார்கள். "ஓடை அங்க இல்லய்யா, சுடலைமாடன் பீடத்துக்குக் கிழக்க" என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டை வேண்டும்.

நம் திருநெல்வேலி மாவட்டத்து மானூர்ப் பக்கம் ஓர் ஊரில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக வரைந்ததைப் பார்த்தேன். ஆண்கள் படத்தில் கோயில், குளம், மடை, டீக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. பெண்கள் முதலில் வைத்தது பீடிக்கடை. சுற்றிய பீடியைக் கொடுத்து, இலையும் தூளும் வாங்கி வரும் இடம். வீட்டிலிருந்து அங்கே போகும் பாதையைக் கோலப்பொடியால் இழுத்துக்கொண்டே வந்த ஓர் ஆச்சி, ஓடைப் பாலம் வந்ததும் கையை நிறுத்தினார். "இந்த எடத்துல வெளக்கு கெடையாது. பொழுதடஞ்சா எம் பேத்திய அனுப்ப மாட்டேன்" என்றார். ஆண்களும் தினம் அந்தப் பாலத்தைக் கடக்கிறவர்கள்தான். அவர்கள் படத்தில் பாலம் இருந்தது, இருட்டு இல்லை.

மானூர் என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அங்கே உள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, ஊர்ச்சபை நடக்க வேண்டிய முறையைச் சொல்கிறது. சுமார் 1,200 ஆண்டுப் பழமையானது. எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசிச் சபையை முடக்குகிறவருக்கு 5 காசு தண்டம் என்றுகூட அதில் உண்டு. படிக்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் நிலத்தில் பங்கில்லாதவருக்கு அந்தச் சபையில் இடமில்லை. இன்றைய கிராமசபையில் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாருக்கும் இடமுண்டு. படம் வரையும்போதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் சீமையில் தெருவுக்குத் தெரு சாதி இருக்கிறது. மூடிப் பேசிப் பயனில்லை. படத்தில் வீட்டுக்கு வீடு சாதி எழுத வேண்டாம். மேல்நிலைத் தொட்டி வால்வைத் திறந்தால் கடைசியாகத் தண்ணீர் எட்டும் தெரு எது, மழைக்காலத்தில் சுடுகாட்டுக்குப் போக வழியில்லாத தெரு எது, ஆம்புலன்ஸ் நுழைய முடியாத தெரு எது என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு புளியமுத்தாக வையுங்கள். முத்துகள் ஒரே மூலையில் குவிந்தால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அந்தத் தெருக்காரர்கள் சாவடிக்கு வரத் தயங்கினால், படத்தை அவர்கள் தெருவில் போய் வரையுங்கள்.

அடுத்தது தண்ணீர். தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள். கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால்வாய் என்று கிளைபிரிந்து குளம் குளமாகத் தண்ணீர் போகிறது. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு வரத்து. மானாவாரிப் பக்கத்திலும் குளங்கள் இப்படித்தான் கோத்துக் கிடக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஆறு பெருகியது, குளங்கள் உடைந்தன, வெள்ளம் பழைய ஓடைகளைத் தேடிப் போனது. நாம் மனை போட்டு மறந்த ஓடைகளும் அவற்றில் உண்டு. மடை பார்க்கிற பெரியவரையும் ஆடு மேய்க்கிறவரையும் கூட்டிக்கொண்டு வரத்துக்கால் நெடுக நடந்து பாருங்கள். எங்கே கரை பலவீனம், எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது, எந்தப் பாலத்துக்கடியில் குழாய் சிறிசு என்று நின்று காட்டுவார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு படத்தை வரைந்துவிடுங்கள். தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது.

முற்றத்தில் போட்ட படம் காற்றில் போய்விடும். அன்றைக்கே போனில் படமெடுத்து, கெட்டித் தாளில் பிரதி எடுங்கள். பெண்கள் குளிக்கும் துறை போன்றவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டாம். எதை வெளியே காட்டலாம் என்பதை வரைந்தவர்களே சொல்லட்டும்.

கிராமசபை கூடும் நாட்கள் உங்களுக்குத் தெரியும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வரைந்தவர்களே முன்வரிசையில் உட்காருங்கள். 'அடிப்படை வசதி வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காமல், ஓடைப் பாலத்தில் ஒரு விளக்கு, இன்ன தெருவுக்குத் தனி வால்வு என்று படத்தைக் காட்டிக் கேளுங்கள். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு கலைந்து போங்கள். வணக்கம்.