திரும்பி வருவோம் என்று எழுதி வைத்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் பழைய கிராம வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். இங்கிலாந்துக் கிராமம் என்றதும் நமக்கெல்லாம் ஒரு படம் தோன்றும். வைக்கோல் வேய்ந்த கூரை, வாசலில் ரோசாக் கொடி, பின்னால் தேவாலயக் கோபுரம். பிஸ்கட் டின் மூடியில் பார்த்துப் பழகிய படம். அந்தக் கிராமத்தைச் சொல்ல நான் தேவையில்லை, டின்னே போதும்.

நான் சொல்ல வந்த ஊரில் பல வீடுகளுக்குக் கூரையே இல்லை. எழுதும்போது டைன்ஹாம், அந்தப் பக்கத்து ஆட்கள் வாயில் டைனம். இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட்டில், பேர்பெக் குன்றுகளுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒரு பள்ளத்தாக்கு. குன்றின் மேலிருந்து கார் இறங்கும்போது கீழே மரக்கூட்டம் ஒன்றுதான் தெரியும். கிட்டப் போன பிறகுதான் அந்த மரங்களுக்குள்ளே சுவர்கள் நிற்பது தெரியும்.

1943 நவம்பரில் அந்த ஊருக்கு ஒரு கடிதம் வந்தது. படையினர் பயிற்சி பெற நிலம் வேண்டும், டிசம்பர் 19-ஆம் தேதிக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று. பிரான்சில் தரையிறங்கும் திட்டம் தயாராகிக்கொண்டிருந்த நேரம். பக்கத்து லல்வர்த்தில் டாங்கிப் பீரங்கிப் பயிற்சித் தளம் முன்பே இருந்தது. அதை விரிவாக்க, சுற்றுப்புறத்தையும் சேர்த்து 7,500 ஏக்கர் எடுத்தார்கள். வெளியேறியவர்கள் 225 பேர். கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது!

போகும்போது தேவாலயக் கதவில் ஒரு தாளைக் குத்திவிட்டுப் போனார்கள். அதில் இருந்தது ஏறக்குறைய இதுதான்: தேவாலயத்தையும் வீடுகளையும் தயவுசெய்து கவனமாகப் பாருங்கள், மனிதர் சுதந்திரமாக இருக்க, போரில் வெல்ல உதவியாக, பல தலைமுறை வாழ்ந்த வீடுகளை விட்டுக்கொடுத்திருக்கிறோம், ஒரு நாள் திரும்பி வருவோம், ஊரை அன்பாக நடத்தியதற்கு உங்களுக்கு நன்றி.

நன்றியை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், பாருங்கள். முதல் தடவை அதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரான மயிலிட்டியில் பிறந்தவன். 1990-ல் ஊரை விட்டு வந்தோம். எங்கள் துறைமுகம் படையிடமிருந்து ஊராரிடம் திரும்பியது 2017-ல். நாங்கள் கதவில் ஒன்றும் எழுதி வைக்கவில்லை, நேரம் இருக்கவில்லை. சரி, அது வேறு கதை, இன்று டைனம்.

போர் முடிந்தது. ஊர் திரும்பவில்லை. 1948-ல் அரசு நிலத்தைக் கட்டாயமாக வாங்கி நிரந்தரமாகப் படைக்கே வைத்துக்கொண்டது. இதில் எனக்கு இன்னும் உறுத்தும் விசயம் நட்டஈடுதான். அந்த ஊரும் நிலமும் 1683-லிருந்து பாண்ட் என்ற குடும்பத்துக்குச் சொந்தம். மற்றவர்கள் பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருப்போர். அதனால் அவர்களுக்குக் கிடைத்தது வீட்டு வளவில் நின்ற காய்கறியின் விலை மட்டும். பல தலைமுறை வாழ்ந்த இடத்துக்கு முட்டைக்கோசுக் கணக்கு!

"அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரு குடும்பம்போல" என்று இங்கே முதியவர்கள் சொல்லும்போதெல்லாம் இந்த முட்டைக்கோசு எனக்கு ஞாபகம் வரும். குடும்பம்தான். ஆனால் வீட்டு உறுதிப் பத்திரம் ஒருவர் கையில்.

இன்னொன்று. படை வந்துதான் ஊர் அழிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது முழுக்கச் சரியில்லை. அங்கே பள்ளிக்கூடத்தைத் திருத்தி, பழைய வகுப்பறையாகவே வைத்திருக்கிறார்கள். மேசைகள், கொப்பிகள், சுவரில் மேல்சட்டை கொழுவும் கொளுக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர். பார்ப்பவர்கள் எல்லாம் 1943 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள் எழுந்து போனதாக நினைத்துக் கண் கலங்குவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் 1932-லேயே மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகள் போதவில்லை. கடற்கரையில் இருந்த கடலோரக் காவல் நிலையமோ முதல் உலகப் போருக்கு முன்பே போய்விட்டது; அதோடு சில குடும்பங்களும் போயின. வீடுகளில் மின்சாரம் இல்லை, தண்ணீர் வெளியே போய்த்தான் எடுக்க வேண்டும். புது இடத்துக்குப் போனவர்களில் சிலருக்கு முதல் தடவையாக விளக்குச் சுவிட்ச் கிடைத்தது. அதை அவர்கள் வெறுத்திருப்பார்களா? ஊர் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. படை வந்தது அதன் மேல் ஒரு தேதியைப் போட்டுவிட்டது.

அந்தத் தேதி இல்லாவிட்டால் டைனம் இன்று எப்படி இருக்கும்? பக்கத்துக் கரையோர ஊர்களைப் பார்த்தால் தெரியும். வாரக்கடைசிக்கு வருவோரின் விடுமுறை வீடுகள், வாசலில் சாவிப் பெட்டி. டைனத்திலோ எண்பது ஆண்டுக்கு மேலாக யாரும் வீடு கட்டவில்லை, உரம் கொட்டவில்லை. லல்வர்த் ஸ்கிப்பர் என்று ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி, இங்கிலாந்தில் இந்தக் கரையை விட்டு அதிகம் போகாதது, அந்தப் புல்லில் பறக்கிறது. பீரங்கி சுடும் இடத்தில்தான் அதற்குப் பாதுகாப்பு. இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடந்தது அப்படி.

ஊரிலிருந்து கடலுக்கு ஒரு மைல் நடை. வார்பரோ விரிகுடா. இந்த உரைக்கு என்னை இழுத்ததே அந்தக் கரைதான். அங்கே சில மீனவக் குடும்பங்கள் இருந்தன. மக்கரல், நம்முடைய கும்பளாவுக்குச் சொந்தக்கார மீன், கோடையில் கூட்டமாக வரும். ஒருவர் செங்குத்துப் பாறை மேல் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கறுத்துத் திரண்டால் சத்தம் போடுவார். கீழே படகு போய் மீனைச் சுற்றி வலையை விடும். அப்புறம் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்றவர்கள் இழுப்பார்கள். அதுவேதான், கரைவலை! மேலே நின்றவர் அவர்கள் ஊர் மண்டாடி. ஆங்கிலேயர் என்றாலே ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் ஆட்கள் என்று நினைத்திருந்த எனக்கு அது ஒரு நல்ல அடி.

தபாலக வாசலில் ஒரு டெலிபோன் பெட்டி நிற்கும், சிவப்பு அல்ல, வெள்ளைக் கொங்கிரீட். 1929-ல் வைத்த வகை. எல்லாரும் அதன் முன்னால்தான் படம் எடுப்பார்கள். அசல் பெட்டி 1985-ல் சினிமாப் படப்பிடிப்பில் உடைந்துபோனது, இப்போது நிற்பது மாற்றுப் பெட்டி. ஷெல்லுக்குத் தப்பியது சினிமாவுக்குத் தப்பவில்லை. பாண்ட் குடும்பத்தின் எலிசபெத் காலத்து மாளிகையும் அப்படித்தான், 1960-களில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள்.

ஊரைத் திருப்பிக் கேட்டு 1968-ல் ரோட்னி லெக் என்ற டோர்செட் எழுத்தாளர் இயக்கம் தொடங்கினார். ஊர் கிடைக்கவில்லை, வழி கிடைத்தது. 1970-களின் நடுவிலிருந்து பெரும்பாலான வாரக்கடைசிகளில் பொதுமக்களை விடுகிறார்கள். போவதானால் முன்கூட்டித் திறப்பு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கம்பங்களுக்கு வெளியே கால் வைக்காதீர்கள், வெடிக்காத குண்டு கிடக்கும்.

நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை கரையிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் கார் மட்டும் நின்றது. வாயிலருகே நின்ற காவலர் அவசரப்படுத்தவில்லை. நாளைக் காலை சுடத் தொடங்குவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார்.