தைப்பொங்கலுக்குக் கரு தங்க வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே கிளினிக்

[காட்சி: கோணமலை. மரக்கிளையில் கட்டிய சின்னத் தொட்டில்கள் கடற்காற்றில் ஆடுகின்றன.]

திருகோணமலையில் திருக்கோணேஸ்வரம் கோயிலுக்குப் போனவர்கள் இந்தத் தொட்டில்களைக் கண்டிருப்பீர்கள். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்து கட்டியவை. நேர்த்திக்கு நாள் பார்க்கிற அதே கலண்டரில் இன்னொரு திகதியையும் குறிக்க வேண்டும். கருத்தரிக்க முயற்சி தொடங்குவதற்கு மூன்று மாதம் முந்திய திகதி அது.

[காட்சி: தை மாதக் கலண்டர். திகதிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பு வட்டமாகின்றன.]

கணக்கைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு ஜனவரி 1 மாதவிடாய் தொடங்குகிறது, சுற்று 28 நாள் என்று வைப்போம். கரு உண்டாவது ஏறத்தாழ தைப்பொங்கலன்று. நாள் தள்ளிப்போனது தெரிவது ஜனவரி 29. பிப்ரவரி முதல் வாரத்தில் குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற நரம்புக்குழாய் பிப்ரவரி 12 அளவில் மூடி முடிந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும்? "இந்த மாதம் பிந்தியிருக்கும், அடுத்த மாதமும் பார்ப்போம்" என்று அம்மா சொல்லுவா. அடுத்த மாதமும் வராமல் போகிறபோது பிப்ரவரி 26. அதற்குப் பிறகுதான் கிளினிக். அன்றைக்குத் தருகிற போலிக் அசிட் என்ற விற்றமின் குளிசை நரம்புக்குழாய்க்குப் பிந்திய மருந்து. குழாய் சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டு பிளந்து பிறக்கும், அல்லது மண்டையோடும் மூளையும் உருவாகாமலே போகும். பெருமளவுக்குத் தடுக்கக்கூடிய ஒன்று, கலண்டர் பிழைத்ததால் தவறிப்போகிறது.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு சின்னக் குளிசை.]

போலிக் அசிட் தினம் குறைந்தது 400 மைக்ரோகிராம் வேண்டும். கிளினிக்கில் கிடைப்பது 1 மில்லிகிராம் குளிசையாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஒன்று போதும். அந்த மூன்று மாதம் முந்திய திகதியில் தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் முடியும்வரை நிறுத்தக்கூடாது.

தவறு நடப்பது பாமசியில். "போலிக் அசிட் தாங்கோ" என்று மட்டும் கேட்டால் 5 மில்லிகிராம் குளிசை கைக்கு வரலாம். அட்டையைத் திருப்பி அளவை வாசியுங்கள். 5 மில்லிகிராம் எல்லோருக்குமல்ல. முன்பு நரம்புக்குழாய்க் குறையோடு ஒரு பிள்ளை உண்டானவர், சீனி வருத்தம் உள்ளவர், வலிப்புக்கு மருந்து எடுப்பவர், உடல் எடை மிகவும் கூடியவர் போன்றோருக்கு வைத்தியர் எழுதித் தருவது அது. மற்றவர்கள் தாங்களாகவே எடுத்தால் பி12 குறைபாடு இரத்தப் பரிசோதனையில் மறைந்துபோகலாம். மச்சம் சாப்பிடாதவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

நோன்பு காலத்தில் சஹர் நேரத்தில் எடுக்கலாம். வெறுவயிறா நிறைவயிறா என்பது போலிக் அசிட்டுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதுதான் சரியான நேரம்.

[காட்சி: ஸ்கூட்டியில் வந்திறங்கும் குடும்பநல உத்தியோகத்தர். படலையில் ஒரு இளம் பெண்.]

எங்கே தொடங்குவது? உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், நாங்கள் மிட்வைஃப் என்கிற அதே ஆளிடம். வயிறு தெரிந்த பிறகுதான் மிட்வைஃப் என்று நினைக்கிறார்கள். கலியாணம் முடித்த உடனேயே பதியலாம், பதியவும் வேண்டும். உப்புவெளியோ, கிண்ணியாவோ, மூதூரோ, குச்சவெளியோ, உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் புதுமணத் தம்பதிகளுக்கான சேவை இலவசம். இருவரும் சேர்ந்தே போங்கள். போகும்போது பழைய தடுப்பூசி அட்டை, கிளினிக் கொப்பி, இப்போது எடுக்கிற எல்லா மருந்துகளின் அட்டைகளும் கையில் இருக்கட்டும். "வெள்ளை நிறத்தில் ஒரு குளிசை" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது.

அங்கே உயரம், நிறை, பிரஷர் பார்ப்பார்கள். எங்களுக்கு, அதாவது தெற்காசிய உடம்புக்கு, உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டுகிற பி.எம்.ஐ. எண் 18.5 முதல் 22.9 வரை நல்லது. 155 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 44½ முதல் 55 கிலோ. எடை கூடி, மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் வருகிறவர்கள் பலருக்கு மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீதம் குறைத்தாலே முட்டை வெளியேறுவது சீராகும். 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. பட்டினி கிடந்து குறைப்பதல்ல. இரவுப் பிட்டைக் கையளவாக்கி, கறியையும் இலைக்கறியையும் கூட்டினாலே தொடக்கம் ஆகிவிடும்.

[காட்சி: இரத்தப் பரிசோதனை அறிக்கை. இரண்டு எழுத்துகளைச் சுற்றி வட்டம்.]

இனி இரத்தம். முழு இரத்தப் பரிசோதனையில் எல்லோரும் ஹீமோகுளோபினை மட்டும் பார்ப்பார்கள். 12க்குக் கீழே என்றால் இரத்தச்சோகை. ஆனால் அதே தாளில் எம்.சி.வி., எம்.சி.எச். என்று இரண்டு எண்கள் இருக்கும். எம்.சி.வி. 80க்குக் கீழேயோ, எம்.சி.எச். 27க்குக் கீழேயோ இருந்தால் சிவப்பணு சிறுத்திருக்கிறது என்று அர்த்தம். காரணம் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவியாகவும், அதாவது அதன் மரபணுவைச் சுமப்பவராகவும், இருக்கலாம்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். காவியாக இருப்பவருக்கு ஒரு வருத்தமும் தெரியாது. "உனக்கு ரத்தம் காணாது" என்று சொல்லி வருடக்கணக்கில் இரும்புக் குளிசை கொடுப்பார்கள், எண் மட்டும் ஏறாது. கணவன் மனைவி இருவருமே காவியென்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளை கடுமையான தலசீமியாவோடு பிறக்கும். மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய வருத்தம் அது. "நாலு பிள்ளையில் ஒன்றுக்குத்தானே" என்று இதைக் கணக்குப் போடக்கூடாது. மூத்ததுக்கு வந்துவிட்டதால் அடுத்தது தப்பும் என்றுமில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கிப் போடுகிற சீட்டு.

மச்சாளை முடித்தவர்கள், சொந்தத்துக்குள் முடித்தவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஒரே பாட்டனிடமிருந்து ஒரே மரபணு இரண்டு பக்கமும் வந்திருக்கலாம். சொந்தத்தில் முடித்தது குற்றமென்று யாரும் சொல்லவில்லை, பார்த்துவிட்டுப் போங்கள் என்பதுதான். எண் குறைந்தால் வைத்தியர் எச்.பி.எல்.சி. என்ற, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கிற பரிசோதனைக்கு எழுதுவார். கடும் இரும்புக் குறைவு அந்த முடிவைக் குழப்பக்கூடும் என்பதால் முதலில் இரும்பைச் சரிசெய்யச் சொல்லலாம். நாட்கள் அதற்கும் வேண்டும்.

இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சுவறும். கல்சியம் குளிசையை வேறு வேளைக்கு மாற்றுங்கள்.

இரத்த வகையும், சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனையும் இருவருக்கும் செய்யலாம். சந்தேகப்பட்டுக் கேட்பதாக எடுக்காதீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை தொற்றுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு 2019இல் சான்று கொடுத்தது, எல்லோரையும் சோதித்ததால் கிடைத்த சான்று.

[காட்சி: பழைய, ஓரம் கிழிந்த தடுப்பூசி அட்டை.]

றுபெல்லா என்ற தொற்றுக் காய்ச்சல். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கும். தடுப்பூசி உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்தது, ஆகவே கர்ப்பத்தில் போட முடியாது. போட்ட பிறகு குறைந்தது ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். 2006 போர்க்கால இடப்பெயர்வில் மூதூர், சம்பூர்ப் பக்கம் எத்தனையோ பேரின் அட்டைகள் வீட்டோடு போய்விட்டன. அட்டை இல்லையென்றால் போடாதவர் என்றே வைத்துக்கொள்ளலாம். முன்பு போட்டவருக்கு இன்னொன்று போட்டாலும் கெடுதல் இல்லை.

[காட்சி: மேசையில் பரப்பிய மருந்து அட்டைகள்.]

ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்களுக்குத்தான் மூன்று மாதமும் போதாமல் போவது. பிரஷருக்கு எனலாபிரில், லொசார்டன் எடுப்பவர்கள், வலிப்புக்கு வல்புரோவேட் எடுப்பவர்கள், மூட்டுவருத்தத்துக்கு மெதொட்ரெக்சேட், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின், இதய வால்வுக்கு வார்பரின், கொலஸ்ரோலுக்கு ஸ்டாட்டின். இவை பிள்ளைக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. ஆனால் கேட்டவுடன் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தாயின் உயிருக்கே ஆபத்து. மாற்று மருந்து உண்டு. மாற்றி, அது பிடிக்கிறதா என்று பார்க்க மாதங்கள் பிடிக்கும். அதுவரை கருத்தடை இருக்கட்டும்.

சீனி வருத்தத்துக்கு எச்.பி.ஏ.1சி என்ற எண்ணைக் கேளுங்கள். கடந்த மூன்று மாதத்துச் சராசரி அது, காலையில் வெறுவயிற்றில் ஒருநாள் பார்த்த சீனி அல்ல. 6.5க்குக் கீழே கொண்டுவர முடிந்தால் நல்லது. 10க்கு மேலே என்றால் இப்போது வேண்டாம் என்றே வைத்தியர் சொல்லுவார். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பம் தெரிந்த நாளிலேயே எத்தனை குளிசை கூட்ட வேண்டும் என்பதை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.

இன்னொரு கேள்வியை வைத்தியர் கேட்பார், விளையாட்டாக எடுக்கவேண்டாம். சின்ன வயதில் மூட்டுவீக்கத்தோடு காய்ச்சல் வந்ததா? மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டீர்களா? அது வாதக்காய்ச்சலென்றால் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கலாம். சாதாரண நாளில் தெரியாது. கர்ப்பத்தில் இரத்த அளவு ஏறக்குறைய அரைவாசி கூடும்போது மூச்சு முட்டும். முதலிலேயே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

கருத்தடை ஊசி போட்டவர்களுக்கு ஒரு சொல். மூன்று மாத ஊசியை நிறுத்தியவுடன் சுற்று திரும்பாது. கடைசி ஊசியிலிருந்து ஒன்பது, பத்து மாதம் எடுப்பது வழமை. குளிசையோ லூப்போ அப்படியல்ல.

[காட்சி: கட்டார் வேலைத்தளம். வீடியோ கோலில் பேசும் கணவன்.]

இப்போது ஆண். விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். இன்றைக்கு விட்ட சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை, சாராயம் எல்லாவற்றின் பலனும் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். டெங்குக் காய்ச்சலில் விழுந்து எழும்பினாலும் சில மாதம் எண்ணிக்கை குறையலாம். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடுகிற ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். கந்தளாய், தம்பலகாமம் வயலில் மருந்து அடிக்கிறவர் உடுப்பை வேறாகத் துவைக்கட்டும், மனைவியின் கையால் வேண்டாம்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் கணவன் வளைகுடாவில் இருக்கிற வீடுகள் நிறைய. லீவு ஒரு மாதம், இரண்டு மாதம். அவர் விமானம் ஏறிய பிறகு குளிசை தொடங்கி என்ன பயன்? டிக்கெட் போட்டவுடன் இங்கே அவளும் அங்கே அவரும் தொடங்க வேண்டும். அவருடைய இரத்தப் பரிசோதனையை அங்கேயே செய்து தாளைப் படமெடுத்து அனுப்பலாம். அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு முட்டை வெளியேறும். அந்த நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளுமே வாய்ப்புள்ள நாட்கள். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சேர்ந்திருந்தால் கணக்குப் பார்க்கவே தேவையில்லை.

ஒரு வருடம் ஒன்றாக வாழ்ந்தும் தங்காவிட்டால் இருவரும் வைத்தியரைக் காணுங்கள், பெண்ணுக்கு 35 தாண்டினால் ஆறு மாதத்திலேயே. வருடத்தில் ஒரு மாதம் லீவில் வந்து போனதை "கலியாணமாகி நாலு வருடம்" என்று எண்ணி அவளை ஏசுவது பிழைக்கணக்கு. விந்துப் பரிசோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து, மாதிரியை ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். ஈச்சிலம்பற்றிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தால் முடிவு பிழைக்கும். ஆய்வுகூடத்திலேயே கொடுங்கள்.

[காட்சி: மீன் சந்தை.]

மீனைப் பற்றிக் கேட்பீர்கள். சூடை, நெத்தலி, கீரி தாராளமாகச் சாப்பிடுங்கள். பெரிய சுறா, தளப்பத்து வேண்டாம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்து வைத்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுக்கிற எங்கள் வழக்கத்துக்கும் அதே கவனம் பொருந்தும். பழுத்த பப்பாசியைப் பற்றிய பயத்தை விடுங்கள்.

[காட்சி: கர்ப்பப் பரிசோதனைப் பட்டி.]

நாள் தள்ளிய அன்றே, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். ஒரு கோடுதான் என்றால் ஒரு கிழமை கழித்து இன்னொருமுறை. இரண்டு கோடு என்றால் அன்றே மிட்வைஃபுக்கு அழையுங்கள், கர்ப்பத்தின் எட்டு வாரத்துக்குள் பதிவு முடியட்டும். எத்தனை கோடு வந்தாலும் அன்றைய குளிசையைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.