கையா, கடலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முன்னால் பேசியவர் அதைப் படகில் ஏற்றிக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். கடல் வாத்து வேட்டையில் பறவைகள் சாகாமல் காயத்தோடு தப்பிப் போவதற்குப் பெரிய காரணம் சுடுகிறவரின் கையா, கடலின் இயல்பா? நான் கையின் பக்கம்.

அவர் நன்றாகத்தான் பேசினார். அலை ஆடுகிறது, படகு ஆடுகிறது, காற்று அடிக்கிறது, வாத்து நிற்காமல் பறக்கிறது, அடிபட்டால் முங்கிவிடுகிறது, தோட்டாவுக்குள் குண்டு குண்டாக இருக்கும் ஈய ரவையும் போய் இரும்பு ரவை வந்துவிட்டது, இத்தனைக்கும் நடுவில் வேட்டைக்காரர் பாவம் என்ன செய்வார், வேண்டுமென்றா காயப்படுத்துகிறார் என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, சரி. ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தவிர்க்கவே முடியவில்லை என்பதும் ஒன்றா? இரண்டுக்கும் நடுவே ஒரு படகு தாராளமாகப் போய்வரும் அளவுக்கு இடம் இருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி. எதிரணி அம்பையும் விட்டுவிட்டுத் தண்ணீரை நொந்துகொள்கிறது.

அந்தப் படகுக்கே போவோம். விடியற்காலை, குளிர்காலம். தாழ்வான படகில் இரண்டு பேர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் தண்ணீரில், பறவைகளை ஏமாற்றிக் கிட்டே வரவழைக்க, கயிற்றில் கோத்த போலி வாத்துகள் வரிசையாக மிதக்கின்றன. தூரத்தில் ஐடர் என்கிற கடல் வாத்துகள் வரிசை கட்டி, தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வருகின்றன. ஐடர் பெரிய பறவை, இரண்டு கிலோ வரும். பெரிதாக இருப்பதால் மெதுவாக வருவதுபோலத் தோன்றும், பக்கத்தில் வந்துவிட்டதுபோலவும் தோன்றும், இரண்டுமே பொய். திறந்த கடலில் மரம் இல்லை, வேலி இல்லை, கண்ணுக்கு ஒப்பிட ஒன்றுமே இல்லை. ஐம்பது மீட்டரில் போகிற பறவையை முப்பது என்று மனசு சொல்லும், விரல் அதை நம்பிவிடும்.

எதிரணி நண்பர் உடனே எழுந்து, 'பார்த்தீர்களா, நீங்களே சொல்லிவிட்டீர்கள், தூரம் தெரியாமல் போவது கடலின் குற்றம்தானே' என்பார். கொஞ்சம் உட்காருங்கள் ஐயா. போலி வாத்துகளைத் தண்ணீரில் போட்டது யார்? அலையா? அவற்றைக் கட்டிய கயிறு யார் கையில் இருந்தது? கடைசிப் போலி வாத்தைப் படகிலிருந்து சரியாக முப்பது மீட்டர் அளந்து போட்டு, அதைத் தாண்டிப் போகிற எதையும் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் தூரத்தை மனசு சொல்ல வேண்டியதில்லை, கயிறு சொல்லிவிடும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கரையில் நின்று ஒரு தடவை அளக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம், இங்கே முற்றம் கோணல்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கோணலான முற்றம் என்று தெரிந்துதானே ஆட வந்தோம்?

அப்புறம் அந்தத் தோட்டா. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன ரவைகள். வெளியே வந்ததும் அவை விரிந்துகொண்டே போகும். கிட்டத்தில் நெருக்கமாக இருப்பதால் பறவையின் மேல் பல ரவைகள் ஒரே சமயத்தில் படும், பறவை அங்கேயே முடியும். தூரம் கூடக்கூட ரவைகளுக்கு நடுவே இடைவெளி கூடும், வேகமும் குறையும். இதை நேரில் பார்க்க வேண்டுமானால், ஒரு பெரிய தாளை முப்பது மீட்டரில் நிறுத்திச் சுட்டுவிட்டு, ஓட்டைகள் அடர்ந்த இடத்தில் முக்கால் மீட்டர் அகலத்துக்கு வட்டம் போட்டு எண்ண வேண்டும். அப்புறம் அதே துப்பாக்கி, அதே தோட்டா, ஐம்பது மீட்டர், புதுத் தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது தாளில் ஒரு வாத்து முழுசாக உட்காரும் அளவுக்கு ஓட்டையே இல்லாத இடம் இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே ஒரே ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஒற்றை ஓட்டையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். அது நெஞ்சுச் சதையில் தங்கும், அல்லது இறக்கை எலும்பை உடைக்கும், போகும் வழியில் இறகுத் துணுக்கையும் காயத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். பறவை விழாது. தண்ணீரை ஒட்டிக் கொஞ்சம் தாழ்ந்து, திரும்ப வரிசையில் சேர்ந்துகொள்ளும். சுட்டவர் 'தப்பிவிட்டது' என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது.

இன்னொன்று, இதை எதிரணி தொடவே இல்லை. ஐடர்கள் கூட்டமாகப் பறப்பவை. முன்னால் போகிற ஆணைக் குறிவைத்துச் சுட்டால், விரிந்து போகும் ரவைகள் பின்னால் வரும் மூன்றாவதைக் கேட்டுக்கொண்டா போகும்? குறிவைத்த பறவை தொப்பென்று விழுகிறது, படகில் இருப்பவருக்கு மகிழ்ச்சி, இரண்டு பறவை தள்ளிப் போன ஒன்றின் தொடையில் ரவை இருப்பது யாருக்குத் தெரியும்? நல்ல குறி, சரியான அடி, அதோடு சேர்ந்து ஒரு காயம். கூட்டத்தின் ஓரத்தில் தனித்து வருவதை மட்டும் சுடுவது என்று வைத்துக்கொண்டால் இதில் பெரும்பகுதி குறையும். அதுவும் கையின் வேலைதான்.

சரி, தெரியாமல் போகிற காயத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உயிரோடு இருக்கும் பறவைகளைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் எலும்பு சாம்பல் நிறமாகத் தெரியும், ரவை பளிச்சென்று வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கனடாவின் அட்லாண்டிக் கரை, தென்மேற்கு கிரீன்லாந்து ஆகிய இடங்களில் ஐடர்களை இப்படிப் பார்த்தபோது ரவையைச் சுமந்துகொண்டு திரிகிற பறவைகள் ஒன்றிரண்டு அல்ல என்று தெரிந்தது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே, எக்ஸ்ரே மேசைக்கு வருவது பிழைத்த பறவை மட்டும்தான். காயத்தோடு பாறை இடுக்கில் ஒதுங்கிச் செத்தது எந்தப் படத்திலும் வராது.

இப்போது என் அணியின் முக்கியமான சாட்சி. அது கடல் வாத்து இல்லை, வாத்துக் குடும்பத்திலேயே இன்னொரு பறவை, இளஞ்சிவப்புக் கால் கொண்ட காட்டு வாத்து ஒன்று, வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளில் முட்டையிட்டு டென்மார்க் வழியாக வலசை போவது. 1990களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் அவற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். வளர்ந்த பறவைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் உடம்பில் ரவை. பிறந்து ஒரே ஒரு வேட்டைப் பருவத்தைப் பார்த்த இளம் பறவைகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்று. நாடே கொஞ்சம் அதிர்ந்துபோனது, வேட்டைக்காரர்களும்தான். 1997இல் காயத்தைக் குறைப்பதற்கென்றே ஒரு செயல்திட்டம் வந்தது, வேட்டைக்காரர் சங்கமும் அதில் சேர்ந்துகொண்டது. கிட்டத்தில் வந்தால் மட்டும் சுடுங்கள், தூரம் கணிக்கப் பழகுங்கள், பருவம் தொடங்கும் முன் பயிற்சி எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த இளம் பறவைகளில் ரவை சுமந்தவை பாதிக்கும் கீழே இறங்கின.

இங்கேதான் எதிரணியிடம் நான் கேட்கிறேன், 1997க்கும் அதற்குப் பின்னுக்கும் நடுவில் டென்மார்க்கில் காற்று வீசுவது நின்றுவிட்டதா? அந்தப் பறவை நின்று நிதானமாகப் பறக்கக் கற்றுக்கொண்டதா? அதே கரை, அதே காற்று, அதே பறவை. மாறியது சுடுகிறவர் எவ்வளவு தூரத்தில் விசையை இழுக்கிறார் என்பது. 'அது கரையோர வாத்து, இது கடல் வாத்து' என்று நண்பர் சொல்லத் தயாராகிறார், முகத்தில் தெரிகிறது. சொல்லட்டும். தூரம் கூடினால் ரவைகளுக்கு நடுவே இடைவெளி கூடும் என்பது கரையில் ஒரு விதி, கடலில் ஒரு விதி என்று இருக்கிறதா என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லட்டும்.

இரும்பு ரவையைப் பற்றி நிறையப் புலம்பினார்கள், அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஈயம் இரும்பைவிடக் கனம், கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், இரும்பு 7.8தான், அதனால் இரும்பு ரவை சீக்கிரம் வேகம் இழக்கும். உண்மை. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா 1991இல் முழுவதும் நிறுத்தியது, டென்மார்க் 1996இல், கனடா 1999இல். ஏன் நிறுத்தினார்கள்? வாத்துகள் இரையை அரைக்கக் கூழாங்கல் பொறுக்கும்போது தரையில் கிடக்கும் ஈய ரவையையும் விழுங்கி விஷமேறிச் செத்தன. ஆக அந்தக் கதையிலும் கை வருகிறது, அதை விடுங்கள். இரும்புக்கு மாறினால் ஒரு அளவு பெரிய ரவையாக எடுக்க வேண்டும், இன்னும் கிட்ட வரும்வரை பொறுக்க வேண்டும். ஈயத்தில் சுட்ட அதே தூரத்தில் இரும்பை வைத்துச் சுட்டுவிட்டு, ரவை சரியில்லை என்றால் எப்படி?

முங்கிப் போவதற்கு வருகிறேன், எதிரணிக்கு நிஜமாகவே பலமான வாதம் இது ஒன்றுதான். கடல் வாத்து தண்ணீருக்குள் இறக்கையால் துழாவி நீந்தக்கூடியது, கடலடியில் சிப்பிகளை ஓட்டோடு விழுங்கி வாழ்வது. இறக்கையில் அடிபட்டு விழுந்த ஐடர் உடனே முங்கும், எங்கேயோ போய் அலகை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கும். அலையில் அந்த அலகைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் அரை நிமிடத்தில் படகில் என்ன நடக்கிறது? ஒருவர் பறவை விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கிறாரா, இன்னொருவர் நங்கூரத்தை அவிழ்க்கிறாரா? அல்லது இரண்டு பேரும் அடுத்த கூட்டம் வருகிற பக்கம் திரும்பிவிட்டார்களா? விழுந்தது கைக்கு வரும்வரை அடுத்த தோட்டா கிடையாது என்று ஒரு படகில் பழக்கம் இருந்தால், முங்கிய வாத்துகளில் பலவும் கிடைக்கும். அமெரிக்கச் சட்டம்கூடச் சுட்ட பறவையைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்தாக வேண்டும் என்கிறது. அங்கே வாத்து வேட்டைக்குக் கணக்குப் போடுகிறவர்கள், அடிபட்டுச் செத்தவற்றில் ஐந்தில் ஒன்று கைக்கு வராமலே போகும் என்று வைத்துத்தான் போடுகிறார்கள். ஆனால் தேடியும் கிடைக்காத பறவை அன்றைய அனுமதி எண்ணிக்கையில் சேராது. நான் சொல்வது, அதையும் உங்கள் கணக்கிலேயே எழுதுங்கள். நான்கு பறவைக்கு அனுமதி, ஒன்று முங்கிப் போனது, சரி, கரைக்கு மூன்றோடு வாருங்கள். அப்படி எண்ணத் தொடங்கினால் ஐம்பது மீட்டர் அடியை யார் அடிப்பார்?

ஒரு ரவைக்கு இவ்வளவு பேச்சா என்று இரண்டாவது வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். ஐடர் பெட்டை மூன்று வயதுக்கு முன் பெரும்பாலும் முட்டையிடாது. இட்டால் நான்கைந்து முட்டை. அடைகாக்கிற இருபத்தைந்து நாளும் இரை தேடப் போகாது, எப்போதாவது எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரும், உடம்பில் மூன்றில் ஒரு பங்கு எடை கரைந்துவிடும். அந்த உடம்பில் ஆறாத காயம் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வருஷத்துக்கு வருஷம் தாக்குப்பிடித்து, மெதுவாகப் பெருகுகிற இனம் இது. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்று பட்டியலிடும் நிலைக்கு வந்திருக்கிறது. மேற்குக் கிரீன்லாந்தில் 2000க்குப் பிறகு வசந்தகால வேட்டையை நிறுத்தினார்கள், கூடு கட்டுகிற ஐடர்கள் வேகமாகக் கூடின. அங்கேயும் கடல் பழைய கடல்தான், நண்பர்களே.

முழுவதும் இல்லாமல் போகுமா என்றால் போகாது. எவ்வளவு பழகிய கையும் ஒரு நாள் தவறும், படகு ஒரு தரம் எதிர்பாராமல் தூக்கிப் போடும். அந்தப் பங்கைக் கடலுக்கே கொடுத்துவிடுகிறேன். நடுவர் கேட்டது பெரிய பங்கு யாருடையது என்று.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு நிமிடம். எதிரணித் தலைவர் கடைசியாக ஒன்று கேட்டார், 'நீங்கள் சொல்கிறபடி காத்திருந்தால் பாதி நாள் ஒரு தோட்டாகூட வெடிக்காமல் குளிரில் விறைத்துப்போய்த் திரும்ப வேண்டியதுதானே' என்று. ஆமாம் ஐயா, வேண்டியதுதான். கயிறு முப்பது மீட்டர், அதற்குள் வரவில்லை என்றால் அன்றைக்குப் போலி வாத்துகளைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வர வேண்டியதுதான்.

கையின் பக்கம் தீர்ப்பை எதிர்பார்த்து உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.