இலைகள் எடுக்கும் 12,000 கோடி டன்னும் நாம் சேர்க்கும் 1,000 கோடி டன்னும்

(காட்சி: குறுக்கே அறுத்த மரத்துண்டு. ஆண்டு வளையங்கள் நெருக்கத்தில்.)

வணக்கம். நன்றாக உலர்ந்த மரத்துண்டு ஒன்றை எடை போட்டால், அந்த எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது வேர் வழியாக மண்ணிலிருந்து ஏறி வந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற அறிஞர், சுமார் 2 கிலோ எடையுள்ள வில்லோ கன்று ஒன்றைத் தொட்டியில் நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 75 கிலோவைத் தாண்டியது. தொட்டி மண்ணோ 60 கிராம் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. மரம் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரியாத காற்றில் இருந்தது.

(காட்சி: நுண்ணோக்கியில் இலையின் அடிப்புறம். இலைத்துளைகள் திறந்து மூடுகின்றன.)

இலையின் அடிப்புறத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு அவரை விதைகளை எதிரெதிரே வைத்தது போன்ற காப்புச் செல்கள் தெரியும். அவை நீரேறிப் புடைக்கும்போது நடுவில் துளை திறக்கிறது. நீர் குறைந்து தளரும்போது மூடுகிறது. அந்தத் துளை வழியாகக் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருகிறது, அதே துளை வழியாகச் செடியின் நீரும் ஆவியாக வெளியேறுகிறது. எனவே கார்பன் வேண்டுமென்றால் நீரை இழக்கத்தான் வேண்டும் என்ற இக்கட்டில் ஒவ்வொரு செடியும் பகல் முழுவதும் இருக்கிறது.

உள்ளே, இலைச் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகம் என்ற நுண்ணுறுப்பில் உள்ள பச்சையம் சூரிய ஒளியை உறிஞ்ச, அந்த ஆற்றலால் நீர் மூலக்கூறு பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் நீரிலிருந்து வந்தது என்பதை, கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பை, அதாவது எடை கூடிய ஆக்சிஜன் அணு வகையை, கொண்டு 1941இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் பிறகு, ருபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாகும் பாதையில் சேர்க்கிறது. இந்த நொதி மிக மெதுவானது: நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் கையாளும், சில வேளைகளில் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். இருந்தும் நம் உடலில் உள்ள கார்பன் அணுக்கள் அநேகமாக எல்லாம் இதன் வழியாக வந்தவைதான். உயிரியலில் இதைவிட வியப்பூட்டும் செய்தி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

(காட்சி: உலக வரைபடம். நிலப்பரப்பிலிருந்து மேலும் கீழும் செல்லும் அம்புகள்.)

நிலத்துத் தாவரங்கள் இவ்வாறு ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. அதில் ஏறக்குறைய பாதியைத் தம் சொந்தச் சுவாசத்திலேயே அவை திருப்பி விடுகின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி, உதிர்ந்த இலையையும் மடிந்த வேரையும் மட்கச் செய்யும் நுண்ணுயிர்களால் காற்றுக்குத் திரும்புகிறது.

ஹவாய் தீவின் மௌனா லோவா மலைச்சரிவில், 1958இல் சார்லஸ் கீலிங் என்ற அறிவியலாளர் தொடங்கிய, காற்றின் கார்பன் டை ஆக்சைடு அளவீடு இந்தப் போக்குவரவைக் கண்முன் நிறுத்துகிறது. வட கோளத்தில் நிலமும் காடுகளும் மிகுதி என்பதால், அங்கே இலைகள் தழைக்கும் மாதங்களில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, குளிர்காலத்தில் மீண்டும் கூடுகிறது. அளவீட்டு வரைபடத்தின் கோட்டில் பல் பல்லாகத் தெரியும் இந்த ஏற்ற இறக்கம், பத்து லட்சத்தில் 6 பங்கு அளவுக்கு இருக்கும். ஆனால் ஒவ்வொரு பல்லும் முந்தையதைவிடச் சற்று உயரத்தில் அமைகிறது. 1958இல் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்தது இன்று 420ஐக் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவில் இருந்தது; அண்டார்டிகப் பனிக்கட்டியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளின்படி, கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் அது 300ஐத் தாண்டி நிலைத்ததில்லை.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து நாம் விடுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன். இலைகள் எடுக்கும் 12,000 கோடிக்கு முன் இது அற்பமல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த 12,000 கோடிக்கு ஏறக்குறைய ஈடான வரவு அதே ஆண்டில் திரும்பிவிடுகிறது; நம் 1,000 கோடிக்கு அப்படி ஓர் ஈடு இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மட்காமல் புதையுண்டு, சுழற்சியை விட்டே விலகிப்போன தாவரங்களின் கார்பன் அது.

(காட்சி: கார்பன் அணுக்கரு மூன்று வகைகளில். கார்பன்-14 மங்கி மறைகிறது.)

காற்றில் கூடுவது இந்தப் பழைய கார்பன்தான் என்பதற்குச் சான்று காற்றிலேயே இருக்கிறது. கார்பன் அணுக்களில் எடை வேறுபட்ட கார்பன்-12, கார்பன்-13, கார்பன்-14 என்ற மூன்று வகைகள் உண்டு. இவற்றில் கார்பன்-14 சிதைந்து பாதியாகக் குறையும் காலம், அதாவது அரை ஆயுள், சுமார் 5,730 ஆண்டுகள் என்பதால் நிலக்கரியில் அது எஞ்சியிருப்பதில்லை. தாவரங்கள் கார்பன்-13ஐவிடக் கார்பன்-12ஐ விரும்பி எடுப்பதால் நிலக்கரியில் கார்பன்-13உம் குறைவு. வளிமண்டலத்திலும் கார்பன்-13இன் விகிதம் குறைந்துவருகிறது. எரிதலுக்கு ஆக்சிஜன் செலவாகும் அல்லவா? காற்றின் ஆக்சிஜனும் மிக நுண்ணிய அளவில் குறைந்துவருவது அளக்கப்பட்டிருக்கிறது. எரிமலைகளே காரணம் என்றால் ஆக்சிஜன் இவ்வாறு குறைய வேண்டியதில்லை.

கார்பன் டை ஆக்சைடு வெப்பக் கதிர்களை உறிஞ்சும் என்பதை ஜான் டிண்டல் என்ற இயற்பியலாளர் 1859இலேயே ஆய்வகத்தில் அளந்தார். நைட்ரஜனும் ஆக்சிஜனும் வழிவிடும் கதிர்களை இது தடுத்து, ஒரு பகுதியை நிலத்தை நோக்கியே திருப்புகிறது. 1850–1900 காலத்தைவிட 2011–2020 பத்தாண்டில் புவிப்பரப்பின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது.

(காட்சி: காடு. பின்னர் கடல்.)

நாம் விடுவதில் ஏறக்குறைய பாதியைக் காடுகளும் மண்ணும் கடலும் இன்னும் உள்வாங்கிக்கொள்கின்றன. கடல் அதற்குத் தரும் விலை, அதன் நீர் அமிலப்போக்கு அடைவது. காடு வாங்கிக்கொள்வது காடு இருக்கும்வரைதான். தீ, வறட்சி, வெட்டு ஆகியவற்றில் ஒன்று போதும், சேர்த்து வைத்த கார்பன் காற்றுக்கு வந்துவிடும். மரம் நடுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எனினும் எரித்த நிலக்கரிக்கு அதை ஈடாகக் கணக்குக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை: மரத்தின் இருப்பு பத்தாண்டுகளிலும் நூற்றாண்டுகளிலும் எண்ணப்படுவது. பாறைகள் சிதைந்து, கரைந்து, கடலடியில் சுண்ணாம்பாகப் படிந்து கூடுதல் கார்பனை முற்றிலும் அகற்றும் இயற்கை வழிக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.