விகடகவியில் எத்தனை எழுத்துகள்? டிஜிட்டல் தொழில்நுட்பப் பாடத்துக்கு ஓர் அறிமுகம்

[திரையில்: வெற்றுப் பக்கம், துடிக்கும் கர்சர். 'விகடகவி' என்ற சொல் மெல்லத் தட்டச்சாகிறது.]

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தை முதன்முறையாகப் பாடமாக எடுத்திருக்கும் மாணவர்களுக்கான அறிமுகக் காணொளி இது. கடிதம் தட்டச்சு செய்வதும், ஸ்லைடுகள் தயாரிப்பதும், அட்டவணையில் கூட்டல் போடுவதும்தான் இங்கே கற்றுத்தரப்படும் என்ற எண்ணத்தோடு பலர் இந்த வகுப்புக்கு வருகிறார்கள். அவை வேண்டிய திறன்களே. ஆயினும் மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் பட்டன்கள் இடம் மாறிவிடும், பழகிய கை தடுமாறும். பட்டனுக்குப் பின்னால் நடப்பது அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. இப்பாடம் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஓர் ஆண்டு முழுவதும் படிக்கப்போவதை, திரையில் இருக்கும் இந்த ஒரே சொல்லின் துணையோடு ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

விகடகவி என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? வி, க, ட, க, வி என்று விரல்விட்டு எண்ணி, ஐந்து என்பீர்கள். பைத்தான் என்னும் நிரல்மொழியில் சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளத்தைச் சொல்லும் கட்டளையைக் கொடுத்து இதே கேள்வியைக் கேட்டால், 7 என்று விடை வருகிறது. இச்சொல்லை மட்டும் எழுத்துகளைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஒரு கோப்பில் சேமித்து, கோப்பின் அளவைப் பார்த்தால் 21 பைட் என்று காட்டுகிறது. மூன்று விடைகளும் சரியானவையே. ஒவ்வொரு முறையும் எண்ணப்பட்ட பொருள்தான் வேறு.

[திரையில்: சொல்லின் கீழே எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன: 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007.]

கணினியின் உள்ளே எழுத்து என்று ஒன்று இல்லை. அங்கே இருப்பவை, மின்னழுத்தம் கூடுதலா குறைவா என்று பிரித்தறியத்தக்க இரண்டு நிலைகள் மட்டுமே. அவற்றை 1 என்றும் 0 என்றும் குறிக்கிறோம். இத்தகைய இருநிலைச் சுற்றுகளைக் கொண்டு தருக்கக் கணிதத்தையே செய்து காட்ட முடியும் என்பதை 1937-இல் தம் முதுநிலைப் பட்ட ஆய்வேட்டில் நிறுவியவர் கிளாட் ஷானன். ஒரு 0 அல்லது 1 என்பது ஒரு பிட். எட்டுப் பிட்கள் சேர்ந்தால் ஒரு பைட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 வேறுபட்ட எண்களை எழுதலாம். எண்ணைத் தவிர வேறெதையும் வைக்க முடியாத இடத்தில் எழுத்தை வைக்க வேண்டுமானால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, அதை உலகமே ஒத்துக்கொள்ளச் செய்ய வேண்டும்.

1963-இல் வெளியான ஆஸ்கி என்னும் தரம் ஏழு பிட்களைக் கொண்டு 128 குறிகளுக்கு எண் கொடுத்தது. ஆங்கிலத்துக்கு அது போதுமானதாக இருந்தது, தமிழுக்கு அதில் இடமில்லை. ஆகவே தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியவர்கள் ஆளுக்கொரு எண் ஒதுக்கீட்டைச் செய்துகொண்டார்கள். ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளின் குவியல்தான் தெரியும். அந்தக் காலத்தில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியவர்களைக் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள். 1991-இல் முதல் பதிப்பு வெளியான யூனிகோட், அதாவது ஒருங்குறி, உலக மொழிகள் அனைத்தையும் ஒரே எண்வரிசையில் அடுக்கத் தொடங்கியது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

247 எழுத்துகள் 128 இடங்களில் எப்படி அடங்கும்? இங்கேதான் விடை 7 ஆனதன் காரணம் இருக்கிறது. உயிரெழுத்துகளுக்கும் அகரமேறிய மெய்களுக்கும் தனித்தனி எண் உண்டு. மற்ற உயிர்மெய்கள், அகரமேறிய மெய்யோடு கொம்பு, கால், விசிறி போன்ற ஒரு குறியின் எண்ணைச் சேர்ப்பதால் உண்டாகின்றன. வ என்பது 2997, இகரக் குறி 3007; இரண்டும் அடுத்தடுத்து வந்தால் திரையில் வி என்ற ஒரே எழுத்தாக வரையப்படும். க்-உம் அ-உம் சேர்ந்து க பிறக்கிறது என்பது நம் இலக்கணம். ஒருங்குறியோ க-வை முதலாகக் கொண்டு, அதன் மேல் புள்ளியைச் சேர்த்து க் ஆக்குகிறது. இலக்கணம் அறிந்தவருக்கு இது சற்று உறுத்தத்தான் செய்யும். ஆயினும் எந்தத் தகவலை எந்த எண்ணாக எழுதுவது என்பது மனிதர்கள் கூடி எடுக்கும் முடிவு என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. இனி அந்த 21 பைட்: யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகிறது, ஏழு மூன்று இருபத்தொன்று.

படமும் ஒலியும் இதே வழியில் எண்ணாகின்றன. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவையும் ஒவ்வொரு பைட்டில் எழுதினால், 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படம் 62,20,800 பைட்களைப் பிடிக்கும். குறுந்தகட்டின் ஒலி, நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்பட்டது. சுருக்கும் முறைகள் இல்லையென்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தக் காணொளி உங்களிடம் வந்து சேர்ந்திருக்காது. அவற்றை வகுப்பில் விரிவாகப் பார்ப்போம்.

[திரையில்: 'விகடகவி' இடமிருந்து வலமாகவும், பிறகு வலமிருந்து இடமாகவும் ஒளிர்கிறது.]

அடுத்தது நிரல் எழுதுதல். விகடகவி ஒரு மாலைமாற்று. திருப்பிப் படித்தாலும் அதே சொல். ஒரு சொல் மாலைமாற்றா என்று சோதிக்கும் நிரலை எழுதுவது இப்பாடத்தில் வழக்கமான தொடக்கப் பயிற்சி. சொல்லைப் பெறு, அதைத் திருப்பிப் போடு, இரண்டும் ஒன்றாக இருந்தால் 'ஆம்' என்றும் இல்லாவிட்டால் 'இல்லை' என்றும் அச்சிடு என்று நான்கு வரிகளில் முடிந்துவிடும். எழுதி முடித்து விகடகவியைக் கொடுத்தால், நிரல் 'இல்லை' என்கிறது.

இந்த இடத்தில் மாணவர்கள் நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள், பிறகு கணினி பழுது என்பார்கள். கணினி சொன்னதைத்தான் செய்தது. ஏழு எண்களைத் திருப்பச் சொன்னோம். அது 3007, 2997, 2965, 2975, 2965, 3007, 2997 என்று திருப்பிவிட்டது. இப்போது இகரக் குறி தாங்குவதற்கு எழுத்தில்லாமல் முதலில் நிற்கிறது. சொல்லின் முதல் எழுத்தில் இருந்த மற்றோர் இகரம், தனக்கு முன்னே வந்த ககரத்தோடு ஒட்டிக்கொண்டு கி ஆகிவிட்டது. திரையில் தெரிவது, தனித்து நிற்கும் ஒரு கொக்கியும் அதைத் தொடர்ந்து 'வகடகிவ' என்ற பொருளற்ற கோவையும்.

ஆகவே திருப்புவதற்கு முன் எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். எண்களை இடமிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். எண் 3006-க்கும் 3021-க்கும் உட்பட்டதாக இருந்தால் அது உயிர்க்குறி அல்லது புள்ளி என்பதால், முந்தைய எழுத்தோடு சேர்க்கிறோம். மற்றபடி புதிய எழுத்து ஒன்றைத் தொடங்குகிறோம். இவ்வாறு கிடைக்கும் ஐந்து துண்டுகளை ஒரு பட்டியலில் வைத்து, அந்தப் பட்டியலைத் திருப்பினால் விடை 'ஆம்' என்று வருகிறது. எந்த நிரல்மொழிக்கும் முன்பாகத் தாளில் எழுதத்தக்க இத்தகைய ஐயமற்ற படிகளின் வரிசையே அல்காரிதம். சுழற்சி, நிபந்தனை, மாறி, பட்டியல் என்று பாடநூல் தனித்தனி அத்தியாயங்களில் சொல்லும் நான்கும் இந்தச் சிறு பயிற்சியிலேயே வந்துவிட்டன.

அத்துடன் வேலை முடிந்துவிடாது. க்ஷ என்பது ஓர் எழுத்தா, க் மற்றும் ஷ என்ற இரண்டா? மேற்கண்ட விதி அதை இரண்டாகப் பிரிக்கும். திரையோ ஒன்றாக வரையும். கொ என்பதில் உள்ள குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாத இவ்விரண்டையும் நிரல் வெவ்வேறு சொற்களாகக் கருதும். எதை ஓர் எழுத்தாகக் கொள்வது என்பதைக் கணினி தீர்மானிக்காது. நிரலை எழுதுபவர் அதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு, தம் தீர்மானத்தைத் தெளிவாக எழுதியும் வைக்க வேண்டும். நல்ல மதிப்பெண் பெறும் செயல்திட்டங்களுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடு, என் பார்வையில், பெரும்பாலும் இந்தக் குறிப்பிலும் சோதனைப் பட்டியலிலும்தான் இருக்கிறது.

[திரையில்: சொல் ஓர் உறைக்குள் சென்று, உறையின் மேல் முகவரிகள் தோன்றுகின்றன.]

இச்சொல்லை நண்பருக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது பாக்கெட் எனப்படும் சிறு தகவல் பொதியில் வைக்கப்பட்டு, அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் போன்றவை முன்னே சேர்க்கப்படுகின்றன. இணையத்தில் பரவலாக உள்ள டிசிபி, ஐபி நான்காம் பதிப்பு ஆகிய நெறிமுறைகளின்படி, அதாவது கணினிகள் தகவல் பரிமாறும் விதிகளின்படி, முன்னே சேரும் இந்தத் தலைப்பகுதிகள் குறைந்தது 40 பைட் ஆகும். 21 பைட் சரக்குக்கு அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு உறை. நீண்ட தகவல் பல பாக்கெட்டுகளாகப் பிரிந்து, வெவ்வேறு வழிகளில் போய், முன்பின்னாக வந்து சேரக்கூடும் என்பதால்தான் வரிசை எண் தேவைப்படுகிறது. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் 1983 சனவரி 1-இல் இந்த நெறிமுறைகளுக்கு மாறியது.

வழியில் உள்ள கருவிகள் பாக்கெட்டின் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்வது பாதுகாப்பு பற்றிய பகுதியில் வரும். கடவுச்சொற்களை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பெற முடியாத ஒருவழிக் கணக்கின் விடையை மட்டும் சேமிப்பது ஏன் என்பதும் அங்கேயே விளங்கும். அகராதியில் இருக்கும் விகடகவியைக் கடவுச்சொல்லாக வைத்தால் அந்த ஒருவழிக் கணக்கும் காப்பாற்றாது, ஏனெனில் அகராதிச் சொற்கள் அனைத்துக்கும் விடையைக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்க அதிக நேரம் பிடிக்காது.

[திரையில்: நிரலின் உள்ளீட்டுப் பெட்டி. 'தேரு வருதே' என்று தட்டச்சாகிறது.]

முதல் வகுப்புக்கு வரும்முன் மாலைமாற்று அல்காரிதத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பிறகு அதில் 'தேரு வருதே' என்பதைக் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். காதுக்கு அது மாலைமாற்று. இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கும் ஒருங்குறியில் 32 என்று ஓர் எண் இருப்பதால், உங்கள் படிகள் 'இல்லை' என்று சொல்லக்கூடும். இடைவெளியை நீக்குவதா வைத்துக்கொள்வதா என்று நீங்கள் எடுத்த முடிவையும், அதற்கான காரணத்தையும் தாளின் கீழே ஒரு வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த வரியிலிருந்து வகுப்பைத் தொடங்குவோம்.