அந்த 7 செகண்ட் யாருக்கு?

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஓட்டு ரகசியம்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டு வர்றோம்ல, கண்ணு தெரியாத ஒருத்தருக்கு அந்த ரகசியம் எங்க இருக்கு? பக்கத்துல நிக்கிற ஆள்கிட்ட மனசுல இருக்கிறதைச் சொல்லியாகணும். சொன்னபடிதான் போட்டாரான்னு தெரிஞ்சுக்கவும் வழியில்ல.

இதோ, கேமரா கிட்ட கொண்டு வர்றேன். கண்ணு தெரியாதவங்க ஓட்டுப் போடறதுக்காக அட்டையில நானே வெட்டின மாடல் இது. வரிசையா ஓட்டை, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் பசையால மேடாக்கின எண். ஓட்டுச்சீட்டு மேல இதை வச்சு, எண்ணைத் தடவிப் பார்த்து, அந்த ஓட்டைக்குள்ள குறி போடணும். கரண்டே வேணாம். ஆனா 3-ம் நம்பர் யாருன்னு முன்னாடியே ஒருத்தர் படிச்சுச் சொல்லியிருக்கணும்.

அமெரிக்காவுல 2000 தேர்தல்ல ஃப்ளோரிடாவுல துளை போட்டு ஓட்டைப் பதிவு பண்ற அட்டையை வச்சு அவ்வளவு குழப்பம் நடந்துச்சே, அதுக்கப்புறம் 2002-ல சட்டம் போட்டாங்க. மாற்றுத்திறனாளிகள் தனியா, ரகசியமா ஓட்டுப் போட சாவடிக்கு ஒரு மெஷினாவது இருக்கணும்னு. ஹெட்போன்ல பேர் வாசிக்கும். கை அசைக்க முடியாதவங்க குழாய்ல ஊதி, உறிஞ்சித் தேர்ந்தெடுக்கலாம். அருமையான ஏற்பாடு.

சிக்கல் காகிதத்துல வருது. மெஷினை மட்டும் நம்பக்கூடாது, காகிதச் சாட்சி வேணும்னு சொல்றாங்க. எனக்கும் அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா காகிதத்தைக் கண்ணாலதானே சரிபார்க்கிறோம்? இந்தியாவுல விவிபாட், அதாவது போட்ட ஓட்டை அச்சடிச்சுக் காட்டற மெஷின், அதோட சீட்டு கண்ணாடிக்குப் பின்னாடி 7 செகண்ட் தெரியும். பிரெய்ல் எண்ணைத் தடவி பட்டன் அமுக்கினவருக்கு அந்த 7 செகண்டால என்ன பிரயோஜனம்? பீப் சத்தம் கேட்கும். ஓட்டு யாருக்குப் போச்சுன்னு அது சொல்லாது.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. அமெரிக்காவுல சில இடத்துல அந்த ஹெட்போன் மெஷின் அச்சடிக்கிற சீட்டு மத்தவங்க சீட்டு மாதிரி இருக்காது. சாவடியிலயே ஒருத்தர்தான் அதுல போட்டார்னா, எண்ணும்போது அது யாரோடதுன்னு தெரிஞ்சுபோயிடுமே! அதனால அந்த மெஷினை மூலையில ஒதுக்கி வைக்காம, கண்ணு தெரியிறவங்களும் நாலு பேர் அதுலயே போடணும். உங்க சாவடியில அப்படி மெஷின் இருந்தா கேட்டு வாங்கிப் போடுங்க, ப்ளீஸ்.

அச்சான சீட்டை ஒரு கருவி காதுல படிச்சும் காட்டணும். அதுவும் ஓட்டு வாங்கின அதே மெஷின் கூடாது. அது தன் நினைவுல இருக்கிறதையே திருப்பிச் சொன்னா நமக்கு எப்படித் தெரியும்? வேற கருவி வேணும், காகிதத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிற கருவி.