எமன் பிள்ளையான கதை

நடுவர் அவர்களுக்கும், காந்தி திடல் நிறைய அமர்ந்திருக்கும் புதுச்சேரி மக்களுக்கும் வணக்கம்.

‘காப்பகத்திலிருந்து முரட்டு இனத்து நாயைத் தத்தெடுப்பது அன்பா, ஆபத்தா?’ இதுதான் தலைப்பு. அன்பே என்று பேச வந்தேன். குறிப்பெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், அது இருக்கட்டும். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், “ராட்வீலரைத் தத்தெடுக்கிறவன் வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிறான்” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு மேலே பேச்சு ஓடாது. ஏனென்றால் எங்கள் வீட்டில் இருப்பது ராட்வீலர்.

ஐயா, அது வேலியில் சும்மா போன ஓணான் இல்லை. யாரோ ஒருவர் குட்டியாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். வளர்ந்ததும் பயந்துபோய்க் கட்டிப் போட்டிருக்கிறார். அப்புறம் ரோட்டில் விட்டுவிட்டார். காப்பகத்தில் நாங்கள் பார்த்தபோது, கழுத்தில் சங்கிலி பதிந்த இடத்தில் சுற்றிலும் முடியே இல்லை. கருப்பன் என்று பெயர் வைத்துக் கூட்டி வந்தோம்.

கருப்பன் வாசலில் கால் வைத்ததும் எங்கள் ஆயா, “எமனை ஓட்டிக்கிட்டு வந்துட்டான்”னு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா எதார்த்தமாகக் கூடத்தைப் பெருக்க விளக்குமாற்றை எடுத்தார். அவ்வளவுதான்! நாற்பது கிலோ நாய், ஒரே பாய்ச்சல். எங்கே? அம்மா மேலேயா? கட்டிலுக்கு அடியில்! தலை மட்டும்தான் நுழைந்தது. மீதி உடம்பு பூராவும் வெளியே நின்று நடுங்குகிறது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

ஆயா கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்தார். “ஏண்டி, அந்த வௌக்குமாத்தைக் கீழ போடு. புள்ள பயப்படுது!”

நடுவர் அவர்களே, இன்னொரு தரம் சொல்கிறேன். கதவைச் சாத்தும்போது எமன். கதவைத் திறக்கும்போது பிள்ளை. நடுவில் நடந்தது என்ன? அதன் பயத்தை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து கருப்பன் கொல்லைக்குப் போன பிறகுதான் எங்கள் வீட்டில் பெருக்குவது.

“அரசே தடை செய்யச் சொன்ன இனம்” என்றார் நண்பர். 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது உண்மை. அந்தக் கடிதத்தை டெல்லி, கர்நாடக உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா? ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரில் மாடு ஓட்டி, கசாப்புக்காரர்களின் வண்டியை இழுத்து உழைத்த இனம் இது. 2024 மே மாதம் சென்னைப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஒரு சின்னக் குழந்தையைக் குதறின. அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே சங்கிலியும் இல்லை, வாய்மூடியும் இல்லை. அந்தப் பொறுப்பு வளர்த்தவருடையது.

சரி, சட்டத்தை விடுங்கள். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். உங்களில் யாருக்கு மறக்கும்? மறுநாள் கிருஷ்ணா நகரில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். படகு வந்தது. கருப்பனைப் பார்த்ததும் படகில் இருந்த தம்பி தயங்கினார். அவர் மேல் தப்பில்லை, அந்த உருவத்தைப் பார்த்தால் யாருக்கும் தயக்கம் வரும். ஆயா திண்ணையை விட்டு நகரவில்லை. “அவன ஒருத்தன் ஏற்கெனவே உட்டுட்டுப் போனான். நானும் உட்டுட்டு வரணுமா? அவன் வரலைன்னா நானும் வரலை” என்றார். நண்பரே, இந்தக் கிழவியிடம் போய் ஓணான் கதை சொல்ல உங்களுக்கு வாய் வருமா? அந்தத் தம்பியே கை நீட்டினார். ஆயாவின் சேலைத் தலைப்பைத்தான் சங்கிலியாகக் கட்டி ஏற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள் நண்பரே. ஆயா டீ போட்டுத் தருவார். கருப்பன் வந்து மோந்து பார்ப்பான். எடுத்ததும் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள், அடி வாங்கிய நாய் அது. தாடைக்குக் கீழே தடவிக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.